மைனியின் பையில் மிச்சமிருந்த குப்பிகள்

அண்ணன் மனைவியை எங்கள் ஊரில் மைனி என்போம். மைனியின் பீரோவில், மேல்தட்டில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஆரஞ்சுத் தூள் பாட்டில் ஒன்று, பச்சை மூடி போட்டது, இருந்தது. அண்ணன் துபாய்க்குப் போய் முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்தது. வந்த புதிதில் அதைச் சரித்தால் உள்ளே தூள் மணல்போல ஓடும். மறு வருசம் பாதி இறுகிவிட்டது. அதற்கடுத்த வருசம் குலுக்கினால், உள்ளே ஒரு கல் கிடந்து புரள்வதுபோல 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. அப்போதும் அதை யாரும் திறக்கவில்லை. மைனியைப் பெரியம்மை என்று கூப்பிடுகிற என் மகள், பெரியம்மை கேம் விளையாடிய கதையை எழுதுங்கள் என்று கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பா ஆரஞ்சுத் தூளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று அவள் நினைக்கக் கூடாது. அந்த விளையாட்டுப் பெட்டியும் இந்தப் பாட்டிலும் ஒரே பீரோவில்தான் இருந்தன.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் அந்த நாளில் இப்படி ஒரு பீரோ இருக்கும். சுசீந்திரத்திலும் சுற்று வட்டத்திலும் வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். கதவைத் திறந்தால் சோப்பும் சென்டும் கலந்த ஒரு மணம் வரும். உறை பிரிக்காத சோப்புகள், புலிப் படம் போட்ட கம்பளி, தலைவலித் தைலம், பால்பொடி டின், பிஸ்தாப் பருப்பு. வீட்டு ஆட்கள் அதில் ஒன்றையும் தொடமாட்டார்கள். தினசரி குளிப்பது ஊர்க்கடை சோப்பில்தான். கேட்டால், "இருக்கட்டும், பின்னால வேணும்லா" என்பார்கள். மைனி இந்த விசயத்தில் எல்லோருக்கும் ஒரு படி மேல். ஒருநாள் எங்கள் அம்மை இரண்டு பிஸ்தா கேட்டதற்கு, "நாளைக்கு ஆராவது வந்தா என்னத்த எடுத்து வைக்கதுக்கு?" என்று மைனி சொல்ல, அம்மை, "அப்பம் நான் வாசல்ல போயி நிண்ணுகிட்டு, பொறவு விருந்தாளி கணக்கா உள்ள வாறேன். அப்பம் தருவியாட்டி?" என்று கேட்டது. மைனி சிரித்தாள். ஆனால் பிஸ்தா கொடுக்கவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். மைனி பன்னிரண்டு முடித்தவள். அண்ணன் அங்கே ஒரு கம்பெனியில் ஏசி பழுது பார்க்கிற வேலையில் இருந்தான். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வருவான். வந்த நாளிலிருந்து கல்யாண வீடு, கோயில், பேங்க் என்று ஓடுவான். பெட்டி கட்டுகிற நாள் வந்துவிடும். நானும் என் குடும்பமும் அம்மையும் மைனியும் ஒரே வீட்டில் இருந்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் போன் வரும். அம்மைக்கும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போடுவோம். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "என்ன கறி?" "சாளை மீன்." "மழை உண்டா?" "உண்டு." இதோடு தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பக்கமும் பேச்சில்லாமல், அங்கே அவன் அறையில் ஏசி ஓடுகிற இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். எப்போது ஒரேயடியாக ஊரில் வந்து நிற்பாய் என்று அம்மை கேட்டால், "மேல்மாடி ஒண்ணு எடுத்திட்டா வந்திருவேன்" என்பான். மைனி அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்கமாட்டாள் என்பதால்தான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டுக்கொண்டாலாவது சரி, இவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்ல ஒன்றும் இல்லாத ஆட்களாக ஆகிக்கொண்டிருந்தார்கள்.

டிவியில் மாட்டி விளையாடுகிற அந்தப் பெட்டியை அண்ணன் என் மகளுக்கென்று வாங்கி வந்தான். அவளுக்கு அப்போது ஒரு வயது. அதனால் அதுவும் பீரோவுக்குள் போயிற்று. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். ஒரு ஐப்பசி மழையில் மரம் விழுந்து கேபிள் அறுந்து, டிவியில் வெறும் புள்ளி ஓடியது. கேபிள்காரன் எட்டிப் பார்க்கவில்லை. சீரியல் பார்க்க வழியில்லாமல் அம்மை ஒரு வாரமாக எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தது. மைனியே பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்துத் தந்து, "தம்பி, இதுல எதாவது படம் வருமாண்ணு பாரு" என்றாள். வயரை மாட்டினேன். உள்ளே சிடி மாதிரி ஒரு தகடும் இருந்தது. அண்ணனும் அவன் அறை ஆட்களும் அங்கே ஆடுகிற அதே விளையாட்டு.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது கார் ஓட்டுகிற விளையாட்டோ பந்து அடிக்கிறதோ இல்லை. ஒரு நாடு. அதில் ஊர்கள், காடு, மலை, குகை. நாம் ஒரு ஆளாக அதற்குள் போகவேண்டும். வழியில் கூட வருவதற்கு ஆட்கள் சேருவார்கள். சண்டை உண்டு, கதை உண்டு. மைனி மூன்று ஆட்களோடு நடந்தாள். அதில் ஒருவன் பெரிய கேடயம் வைத்திருப்பான். முன்னால் நின்று மற்றவர்களுக்கு விழுகிற அடியைத் தான் வாங்குவதுதான் அவன் வேலை. அவனுக்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர். மைனி கேடயக்காரன் என்பாள். ஆங்கிலத்தில் அவர்கள் பேசுவதை எழுத்துக்கூட்டி, புரியாததற்கு அகராதி பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் வாசிப்பாள். அப்போதெல்லாம் தினமும் கரண்ட் போகும். போகிற நேரம் பார்த்து, அதுவரை ஆடியதைப் பதிந்துவைத்துவிட்டு அரிசி களையப் போவாள். சில நாள் சொல்லாமல் போய்விடும். அதற்காகத்தான் அம்மைக்கு ஃபேன் ஓட என்று சொல்லி நான் ஒரு இன்வெர்ட்டர் மாட்டினேன்.

வேலை முடிந்து வந்து நானும் சாயாவோடு அங்கே உட்காருவேன். மைனி தனக்கு இந்த விளையாட்டைப் பற்றி இருந்த அபிப்பிராயங்களை, படித்தவர்கள் சினிமாவைப் பற்றிப் பேசுவதைப்போல அவ்வளவு சீராகச் சொல்வாள். போகவேண்டிய இடத்தைக் காட்ட மூலையில் ஒரு அம்புக்குறி வரும். அதை அவள் மதிக்கவே மாட்டாள். ஒரு ஊருக்குள் நுழைந்தால் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவாள், கிணற்றை எட்டிப் பார்ப்பாள், ஊர்க்கோடியில் மாடு கட்டியிருந்தால் அங்கேயும் போவாள். "அம்பு காட்டுன வழியே போறதுண்ணா பஸ்சுல போன மாதிரில்லா தம்பி. ஊரைப் பாத்தேண்ணு எப்படிச் சொல்லது?" ஒருநாள் ஒரு அருவிக்குப் பின்னால் வழி இருப்பதைக் கண்டுபிடித்தாள். உள்ளே போனால் சின்ன வீடு. அடுப்பில் பாத்திரம் கொதிக்கிறது. ஒரு கிழவன் வலை பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் ஒன்றும் தரவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. மைனி அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் முதல்முறையாக அவர்கள் பேச்சு சாளையைத் தாண்டியது. அருவிக்குப் பின்னால் வீடு இருக்கிற விசயத்தை மைனி சொன்னாள். அண்ணனுக்கு ஆச்சரியம். "அங்க என்ன கெடச்சுது?" என்றான்.

"ஒண்ணும் கெடைக்கல்ல. ஒரு வீடு இருந்துச்சு."

"பின்ன எதுக்கு அங்கெல்லாம் போற? நான் ரெண்டாவது மலை தாண்டியாச்சு, தெரியுமா?"

"தாண்டுனீங்க சரி. மலையில என்ன இருந்துச்சு?"

அண்ணன் அம்புக்குறியைப் பார்த்தே போனவன். இரண்டு நாள் கழித்து, வெள்ளியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், ஒரு சாயங்காலம் போன் அடித்தது. என்னமோ ஏதோ என்று அம்மை பதறிவிட்டது. அண்ணன் வேறொன்றும் சொல்லவில்லை. "ஏட்டி, அந்த வீட்டைப் பாத்தேன். அடுப்புல கறி கொதிக்குவு" என்றான். மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கல்யாணப் பந்தலில் பார்த்ததுதான்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் வழக்காடு மன்றம்தான். அண்ணனுக்குச் சண்டை பிடிக்கும். காட்டுப் பன்றிகள் வருகிற ஒரே இடத்தில் நின்று, அடித்ததையே அடித்து, தன் ஆட்களுக்குப் பலம் ஏற்றிக்கொண்டே இருப்பான். "உங்களுக்கு அங்கயும் ஓவர்டைம்தானா?" என்று மைனி கேட்டாள். அவளுக்கு யோசித்துப் போடுகிற சண்டைதான் சண்டை. யாரை முன்னால் நிறுத்துவது, யாரைக் காப்பது, எப்போது விலகுவது என்று பார்க்கிற சண்டை. வெறுமனே பித்தானைப் போட்டு அமுக்குவதற்கு மாவாட்டலாம் என்பாள். ஓடிப்போவதைக் கேவலமாக நினைக்கமாட்டாள். "ஓடதுக்கும் ஒரு பித்தான் வச்சிருக்கான்லா? சும்மாவா வச்சிருக்கான்?" அம்மை இடையில் புகுந்து, "ரெண்டும் பைத்தியம் புடிச்சி அலையுவு. பன்னிய அடிச்சா கறியாவது தாறானா?" என்று கேட்கும்.

கதை சொல்லும் விதத்தைப் பற்றி மைனி சொன்னதுதான் என் மனதில் அதிகம் நிற்கிறது. வில்லன் மேடையேறி நீளமாகப் பேசுவதையும், வானம் இடிந்து விழுவதையும் அவள் கதை என்றே ஒத்துக்கொள்ளவில்லை. நாம் ஒரு ஊரின் கிணற்றைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போகிறோம். நாலு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறோம். அப்போது அங்கே கடைக்காரன் பழைய பேச்சையே பேசினால் அது மோசமான கதை. 'இப்பம் தண்ணி நல்லா இருக்கு' என்று அவன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், அதுதான் நல்ல கதை. நாம் செய்தது ஊரில் எங்கேயாவது ஒட்டியிருக்கவேண்டும். இப்படிச் சொல்லிவிட்டு, "நாம செய்யாம விட்டதும்தான்" என்று சேர்த்துக்கொண்டாள். அப்போது எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை.

அந்த விளையாட்டில் சிவப்பு மருந்துக் குப்பிகள் கிடைக்கும். அடிபட்ட ஆளுக்குக் கொடுத்தால் உயிர் ஏறும். வீடு வீடாகத் தேடியதில் மைனியின் பை அந்தக் குப்பிகளால் நிறைந்திருந்தது. அண்ணனிடம் இல்லாத பொன்னிறக் குப்பிகள்கூட இருந்தன. ஆனால் ஒன்றைக்கூட எடுக்கமாட்டாள். ஆட்களுக்குக் காயம் என்றால் சத்திரம் வரைக்கும் நொண்ட நொண்ட நடத்திக் கூட்டிப் போவாள். ஏன் என்று கேட்டால், பீரோவுக்குச் சொல்கிற அதே பதில்தான். பின்னால வேணும்லா.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். பழைய சுரங்கம் ஒன்றில் கல்லால் ஆன ஒரு பூதத்தோடு சண்டை. கேடயக்காரன் முன்னால் நிற்கிறான். அவன் தலைக்கு மேலே உயிரைக் காட்டுகிற கோடு குறைந்து குறைந்து சிவப்பாகி மின்னத் தொடங்கியது. நான் சாயாத் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"மைனி, குப்பியக் குடுங்க."

"இரி தம்பி. இது சின்னது. பெருசு இனிதான் வரும்."

"அவன் விழுந்திருவான் போலிருக்கே."

"விழமாட்டான். எத்தன அடி வாங்குனவன். இன்னும் ஒரு அடி தாங்குவான்."

தாங்கவில்லை. கேடயம் முதலில் விழுந்தது, பிறகு அவன். மற்ற விளையாட்டுகளில் விழுந்தவன் சண்டை முடிந்ததும் எழுந்து வருவான். இதில் அப்படியில்லை. திரையில் இரண்டு வரி எழுத்து வந்தது. மைனி எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவன் இனிமேல் இல்லை என்று இருந்தது. மிச்சமிருந்தவர்கள் எப்படியோ பூதத்தை முடித்தார்கள். அவள் பையைத் திறந்து பார்த்தாள். குப்பிகள் அப்படியே வரிசையாக இருந்தன. பொன்னிறக் குப்பிகளும் இருந்தன. விளையாட்டுக்கு ஒரு பொம்பிளை இப்படி அழுவாளா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் திரையைப் பார்த்து அழவில்லை. பீரோவைப் பார்த்து அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிட்டபோது விவரத்தைச் சொன்னாள். அண்ணன் அனுபவஸ்தன் மாதிரி, "அதுக்கா இந்த அழுகை? பழசப் பதிஞ்சு வச்சிருப்பேல்லா? அதுல இருந்து தொடங்கு. அவன் வந்திருவான்" என்றான். உண்மைதான். அப்படிச் செய்ய வழியுண்டு. நானும் அதைச் சொல்லியிருந்தேன்.

போனில் அந்த ஏசி இரைச்சல் கேட்டது. பிறகு மைனி சொன்னாள். "செய்யலாம். ஆனா நடந்தது நடக்கல்லண்ணு ஆக்கிட்டா, பொறவு அது என்ன கதை? கையில மருந்து இருந்துச்சு. குடுக்கல்ல. அவன் போயிட்டான். அதாக்கும் கதை."

"சரி. விடு. சாப்பிட்டியா?"

"நீங்க பேச்ச மாத்தாதீங்க. நான் ஒண்ணு கேக்கேன். மேல்மாடி எதுக்கு?"

"என்னட்டி, பின்னால வேண்டாமா?"

"பின்னால, பின்னாலண்ணு சொல்லித்தான் நானும் பை நிறைய வச்சிருந்தேன். எனக்கு மாடி வேண்டாம். இருக்க இடம் போதும். நீங்க இப்பம் வாங்க. ரெண்டு வருசம் கழிஞ்சில்ல, இப்பம்."

அண்ணன் வைக்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டான். கோபித்துக்கொண்டான் என்றுதான் நான் நினைத்தேன். மைனி முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். பீரோவைத் திறந்தாள். சோப்புகளின் உறையைப் பிரித்து, குளிமுறியில் ஒன்று, அடுக்களையில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று என்று வைத்தாள். பிஸ்தாப் பொட்டலத்தை அம்மையின் மடியில் போட்டாள். காறல் அடித்தது. "சவம், நல்லா காறிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே அம்மை ஒன்றுவிடாமல் தின்றது. கடைசியாக ஆரஞ்சுத் தூள் பாட்டில். தட்டிப் பார்த்தாள், வரவில்லை. நான் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து குத்திக் குத்திக் கட்டியாகப் பெயர்த்துக் கொடுத்தேன். தேதியைப் பார்த்து என் வீட்டுக்காரி வேண்டாம் என்றாள். மைனி அதை அம்மியில் வைத்து உடைத்து, வெந்நீர் விட்டுக் கரைத்து, பானைத் தண்ணீரில் ஆற்றி, எல்லோருக்கும் தம்ளரில் தந்தாள். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. இனிப்பு அப்படியே இருந்தது.

அடுத்த வெள்ளி போன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. மைனி விளையாட்டுப் பெட்டியைத் தொடவில்லை. சமையல் செய்வாள், துணி துவைப்பாள், மத்தியானம் போன் பக்கத்தில் வந்து உட்காருவாள். நாம் இதில் தலையிட்டது தப்போ, அந்தப் பெட்டியை மாட்டியே கொடுத்திருக்கக் கூடாதோ என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் அண்ணன் பேசினான். கம்பெனியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், அவர்கள் விட ஏழெட்டு மாதம் ஆகும் என்றும் சொன்னான். பிறகு, "அந்தச் சுரங்கத்துக்கு நானும் போனேன். எனக்கு அவன் சாகல்ல. ஆனா எனக்குக் குப்பி தீந்துபோச்சு பிள்ளே" என்றான். மைனி, "நல்லதுதான். தீரட்டும்" என்றாள். "வரச்சில என்ன கொண்டு வரணும்?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் கொண்டு வராண்டாம்" என்றாள்.

மார்கழித் தேரோட்டத்துக்கு முன்னால் அண்ணன் வந்து சேர்ந்தான். கையில் ஒரே ஒரு பை. தேர் பார்த்த களைப்போடு மறுநாள் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து, மைனி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். கேடயக்காரன் இல்லாமல்தான். சின்னக் கீறலுக்கெல்லாம் மைனி குப்பியை எடுத்துக் கொடுத்தாள். "ஏட்டி, கொசு கடிச்சதுக்கா மருந்து?" என்று அண்ணன் கேட்டால், "குடிக்கட்டும், நீங்க சும்மா இரிங்க" என்பாள். கடைசிச் சண்டை முடிந்தபோது பையில் ஒரு குப்பியும் இல்லை. அதற்குப் பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. மைனி ஆட்களைத் திருப்பி, வந்த வழியே, அருவிக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். அந்தக் கிழவன், 'உங்களில் ஒருவரைக் காணோமே' என்று கேட்டான். முன்பு அவன் அப்படி ஒன்றும் கேட்டதில்லை. மைனி அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "இதாக்கும் நல்ல கதை" என்றாள். அண்ணன் தலையை ஆட்டினான்.

பிள்ளைகளுக்கு எழுதும்போது பாதியை மறைத்து எழுதக் கூடாது. எல்லாம் நேராகிவிடவில்லை. அண்ணன் பார்வதிபுரத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற கடை போட்டான். துபாயில் வந்த வருமானம் இங்கே வரவில்லை. மேல்மாடிக்கென்று மொட்டை மாடியில் விட்டிருந்த கம்பிகள் துருப்பிடித்து இன்றும் நிற்கின்றன. மைனி அதில்தான் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். ஒரு பிள்ளைக்காக நிறைய ஆஸ்பத்திரி போனார்கள். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். அண்ணன் அதை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னான். மைனி சொன்னதே இல்லை. பழசிலிருந்து தொடங்கமாட்டேன் என்று சொன்னவள் அல்லவா, அந்தச் சொல்லில் நின்றாள். என் பிள்ளைகள் இரண்டும் அவர்கள் மடியில்தான் வளர்ந்தன.

இப்போது என் மகள் போனிலேயே அந்தமாதிரி விளையாட்டு ஆடுகிறாள். போன வாரம் அடுக்களைப் படியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். அவள் ஆள் ரத்தம் ஒழுக ஓடிக்கொண்டிருக்கிறான். பையில் மருந்து குவிந்து கிடக்கிறது. "கொடேன் மக்கா" என்றேன். "இல்லப்பா, பின்னால வேணும்லா" என்றாள். குழம்புக்கு உப்புப் போட வந்த மைனி அதைக் கேட்டுக் குனிந்து திரையைப் பார்த்தாள். நான் என்னமோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். "ஏட்டி, அவனுக்க மூஞ்சியப் பாரு" என்றாள். அவ்வளவுதான். மகள் பார்த்தாள். பிறகு மருந்தைக் கொடுத்தாள்.

மைனி உப்பை எடுத்தாள். உப்பு வைத்திருப்பது அந்தப் பழைய ஆரஞ்சுத் தூள் பாட்டிலில்தான். தினம் திறந்து திறந்து பச்சை மூடியின் மரை தேய்ந்துபோய், இப்போது அது சரியாக மூடுவதில்லை.